பொதுக்கொடையும் வணிகர் கடமையும்

வழிப்போக்கர் தாகம் தீர்ப்பதற்கென ஒருவர் கேணி ஒன்றை வெட்டி, அதனை ஊருக்கே எழுதிவைக்கிறார் என்று கொள்வோம். உறுதியிலே அவர் சில சொற்களைப் பொறித்துவைக்கிறார். யாரும் நீர் அள்ளலாம்; அள்ளிய நீரை விற்றுப் பொருளீட்டவும் செய்யலாம்; கேணியை ஆழமாக்கி அகலமாக்கவும் செய்யலாம்; ஆனால், அவ்வாறு திருத்திய கேணியும் முன்போலவே பொதுவாய் இருத்தல் வேண்டும்; எவரும் வேலியிட்டு அடைத்தலாகாது. சில காலத்தின் பின்னர் வணிகர் ஒருவர் வந்து, கேணியைத் திருத்தி, சுற்றி மதிலும் எழுப்பிவிடுகிறார். கேட்டால், “விலையின்றிக் கொடுத்த பொருளுக்கு நிபந்தனை ஏது?” என்கிறார். அவருக்கு நாம் என்ன மறுமொழி சொல்வோம்?

கண்ணாற் காண முடியாத ஒரு பொருளைப் பற்றி இதே வினா அண்மைக் காலத்தில் உலகின் நீதிமன்றங்கள் சிலவற்றின் முன் எழுந்தது. அப்பொருளே திறந்த மூல மென்பொருள். ஆயிரக்கணக்கானோர் எழுதிப் பொதுவில் வைத்த அம்மென்பொருளைத் தம் பண்டங்களுள் வைத்து விற்ற வணிக நிறுவனங்கள், அதனோடு வந்த நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டனவா, மீறினவா, மீறியபோது என்ன நடந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வீட்டிலே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோ இணைய இணைப்புக் கருவியோ வைத்திருக்கும் எவருக்கும் இதனோடு தொடர்பு உண்டு.

முதலில் மென்பொருள் என்பதன் இயல்பைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் நன்று. வைத்தியர் நமக்குத் தரும் குளிகை வேறு. அக்குளிகையைச் செய்யும் முறை எழுதப்பட்ட ஏடு வேறு. குளிகையை உண்டு நோய் தீரலாம். ஆனால் குளிகையை மட்டும் பார்த்து, அதில் என்ன மூலிகை எவ்வளவு சேர்ந்தது என்று அறிவது எளிதன்று. மென்பொருளுக்கும் இவ்வாறே இரு வடிவங்கள் உள. மனிதர் எழுதி, மனிதர் படித்து விளங்கிக்கொள்ளத்தக்கது மூலநிரல். அதனை இயந்திரம் ஏற்கும் எண்களாக மாற்றியமைத்தால் வருவது இயந்திர நிரல். கடையில் நாம் வாங்கும் கருவியினுள் இருப்பது பெரும்பாலும் இயந்திர நிரல் மட்டுமே. மூலநிரல் கையில் இல்லாதவரை, அக்கருவியின் பிழையைத் திருத்தவோ, அது நமக்குத் தெரியாமல் என்ன செய்கிறது என்று ஆராயவோ நம்மால் இயலாது.

கணினி உலகின் தொடக்க காலத்தில் மூலநிரலை மறைக்கும் வழக்கம் பரவியிருக்கவில்லை. 1955இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிகளைப் பயன்படுத்தியோர் ‘ஷெயார்’ என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்து, தாம் எழுதிய நிரல்களை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டனர். அப்பெயருக்குப் பொருளே ‘பகிர்’ என்பதுதான். அன்று இயந்திரத்துக்குத்தான் விலை. நிரல் அதனோடு சேர்ந்து வந்தது. 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனியே விலை குறிக்கப்போவதாக அறிவித்தபோது இந்நிலை மாறத் தொடங்கியது. 1980இல் ஐக்கிய அமெரிக்கா தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, கணினி நிரலும் நூலைப் போலவே பதிப்புரிமைக்கு உட்பட்டது என்பதைத் தெளிவாக்கியது. நிரல் இவ்வாறு சொத்தாயிற்று. சொத்தாகவே, அதற்குப் பூட்டும் வந்தது.

இப்பூட்டு ஓர் ஆய்வுகூடத்தில் ஏற்படுத்திய மனக்கசப்பிலிருந்தே நம் கதை தொடங்குகிறது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்ற நிரலாளர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர் அனைவருக்கும் அறிவித்தல் செல்லும்படி அவர் அதன் நிரலைத் திருத்தியிருந்தார். 1980ஐ ஒட்டிய காலத்தில் செறொக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று அங்கு வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்நிரலை வைத்திருந்த ஆய்வாளர் ஒருவரிடம் ஸ்ரோல்மன் நேரிற் கேட்டபோது, எவருக்கும் கொடுப்பதில்லையென்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். பழுதைத் திருத்தும் ஆற்றல் இருந்தும் திருத்தும் வழி அடைக்கப்பட்டிருந்தது.

ஸ்ரோல்மன் 1983 செப்டெம்பரில் ‘குனூ’ என்ற திட்டத்தை அறிவித்தார். எவரும் ஓட்டவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் தக்க முழு மென்பொருள் தொகுதி ஒன்றை உருவாக்குவதே அதன் நோக்கம். 1985இல் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் தோன்றியது. ஆனால் எழுதியதைப் பொதுவில் வைத்தால் மட்டும் போதுமா? யாரேனும் அதை எடுத்து, சிறிது திருத்தி, மீண்டும் பூட்டிவிடலாமன்றோ? இவ்விடரைத் தீர்க்க 1989 பெப்ரவரியில் வெளியிடப்பட்டதே குனூ பொது உரிமம். அதன் இரண்டாம் பதிப்பு 1991 யூனில் வந்தது. அவ்வாண்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லைனஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டார். 1992இல் அதுவும் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

இவ்வுரிமத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. அது பதிப்புரிமையை எதிர்க்கவில்லை. அப்பதிப்புரிமையையே கருவியாக எடுத்துத் திருப்பிப் பிடித்தது. சட்டப்படி ஒரு நிரலைப் படியெடுத்து விநியோகிக்கும் உரிமை அதனை எழுதியவருக்கே உண்டு. எழுதியவர் கூறுகிறார்: என் நிரலை நீ படியெடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம்; ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் மூலநிரலையும் கொடு; அல்லது கேட்போர் எவருக்கும் குறைந்தது 3 ஆண்டுகள் வரை, அனுப்பும் செலவுக்கு மேற்படாத தொகைக்கு, மூலநிரலைத் தருவதாக எழுத்தில் உறுதி கொடு; இந்த உரிமத்தின் படியையும் உடன் வை; நான் உனக்குத் தந்த உரிமைகளை நீ அடுத்தவருக்குக் குறைக்காதே. இவற்றை மீறினால் உரிமம் தானாகவே முடிவுறும் என்பது இரண்டாம் பதிப்பின் விதி.

இதில் இரு செய்திகளைப் பலர் தவறாக எண்ணுவதுண்டு. முதலாவது, இவ்வுரிமம் வணிகத்தைத் தடுப்பதில்லை. விற்கலாம், இலாபமும் பெறலாம். இரண்டாவது, ஒரு நிறுவனம் நிரலைத் திருத்தித் தன் அலுவலகத்துள்ளே மட்டும் பயன்படுத்தினால், எவருக்கும் எதையும் காட்டவேண்டியதில்லை. பிறர் கையில் கொடுக்கும் கணத்திலேதான் கடமை பிறக்கிறது. திறந்த மூல உரிமங்கள் யாவும் இத்துணைக் கடமையை விதிப்பனவும் அல்ல. மசாசூசெற்ஸ் நிறுவகத்தின் பெயராலும் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் பெயராலும் வழங்கும் எளிய உரிமங்கள், எழுதியவரின் பெயர்க்குறிப்பையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் உடன் வைத்தால் போதும் என்கின்றன. அந்தச் சிறு கடமையைக் கூட மறந்த வணிகர்கள் உண்டு.

புதிய உரிமம் விரைவிலேயே சோதனைக்குள்ளானது. 1980களின் முடிவை ஒட்டி, ஸ்ரீவ் ஜொப்ஸ் நிறுவிய நெக்ஸ்ற் கம்பனி, குனூ திட்டத்தின் மொழிமாற்று நிரலோடு ‘ஒப்ஜெக்ரிவ் சி’ என்ற மொழிக்கான பகுதியைச் சேர்த்தது. தான் எழுதிய பகுதியின் மூலநிரலை வெளியிடாமல், இயந்திர வடிவில் மட்டும் தந்து, பாவனையாளரே இரண்டையும் இணைத்துக்கொள்ளட்டும் என்று அக்கம்பனி எண்ணியது. இவ்வழியால் உரிமத்தின் கடமையிலிருந்து நழுவ முடியாதென ஸ்ரோல்மன் தரப்பு தெரிவித்தது. நெக்ஸ்ற் இணங்கி மூலநிரலை வெளியிட்டது. கொலம்பியாப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஈபன் மோக்லன், கட்டற்ற மென்பொருள் நிறுவகத்தின் சார்பில் இவ்வாறான மீறல்கள் பலவற்றை வழக்கின்றியே தீர்த்துவைத்தார். அவர் கேட்டது பணமன்று. நிபந்தனைப்படி நடந்துகொள்ளுதல் ஒன்றையே. ஆயினும், இவ்வுரிமத்தை நீதிமன்றம் ஏற்குமா என்ற ஐயம் வணிக உலகில் நீடித்தது.

இந்நிலையில், 2002இன் இறுதியில் நீலமும் கருமையும் கலந்த சிறு பெட்டி ஒன்று அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. லிங்சிஸ் நிறுவனம் விற்ற டபிள்யூ.ஆர்.ரி.54ஜீ என்ற றவுட்டர் அது. வீட்டிற்கு வரும் இணைய இணைப்பைக் கம்பியின்றிப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிப்பதே அதன் வேலை. 2003இல் சிஸ்கோ என்ற பெருநிறுவனம் ஏறத்தாழ 50 கோடி டொலர் பெறுமதியில் லிங்சிஸ் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அப்பெட்டியினுள் இருக்கும் மென்பொருளை ஆராய்ந்த ஆர்வலர்கள், அதில் லினக்ஸும் குனூ உரிமத்தின் கீழான வேறு நிரல்களும் இருப்பதைக் கண்டுபிடித்தனர். ஆனால் பெட்டியோடு மூலநிரலும் வரவில்லை. தருவதாக உறுதிமொழியும் வரவில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? பெட்டியை விற்றது லிங்சிஸ். அதன் இதயமாகிய சில்லைச் செய்தது புரோட்கொம். மென்பொருளை எழுதும் வேலையோ கடல் கடந்த வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இத்தனை கைகள் மாறி வந்த பொருளைச் சிஸ்கோ மொத்தமாக வாங்கியது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்தவர் சரியாகவே செய்திருப்பார் என்று நம்பியிருத்தல் கூடும். விற்பவர் தாம் விற்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அறியாதிருந்தார் என்பதே இக்கதையின் சாரம். பின்னர் நிகழ்ந்த மீறல்களிலும், வஞ்சகத்தை விட அறியாமையே பெரும்பங்கு வகித்தது எனலாம். ஆனால் அறியாமை கடமையைக் கழிப்பதில்லை. கலப்பட நெய்யை விற்ற கடைக்காரர், மொத்த வியாபாரி தந்ததையே விற்றேன் என்று கூறித் தப்பமுடியுமா?

கட்டற்ற மென்பொருள் நிறுவகமும் நிரலாளர்களும் விடாது கேட்டதன் பயனாக, லிங்சிஸ் சில மாதங்களுள் மூலநிரலை வெளியிட்டது. கம்பியில்லாத் தொடர்பை இயக்கும் பகுதி மட்டும் மூடப்பட்டதாகவே இருந்தது. எனினும், வெளிவந்ததே போதுமானதாயிற்று. 2004 சனவரியில் ‘ஓப்பின் டபிள்யூ.ஆர்.ரி.’ என்ற திட்டம் அந்நிரலை அடிப்படையாகக் கொண்டு தொடங்கியது. அச்சிறு பெட்டியை விலையுயர்ந்த கருவிகள் செய்யும் வேலைகளையும் செய்யும்படி ஆர்வலர்கள் திருத்தினர். இன்று அத்திட்டத்தின் நிரல் எத்தனையோ வேறு நிறுவனங்களின் கருவிகளிலும் ஓடுகிறது.

இதிலே வணிகருக்கும் ஒரு பாடம் உண்டு. 2005இல் அந்நிறுவனம் செலவைக் குறைக்கும் பொருட்டு, பெட்டியின் நினைவகத்தைப் பாதியாக்கி, லினக்ஸுக்குப் பதிலாக மூடிய மென்பொருள் ஒன்றை வைத்தது. மூலநிரலைத் திருத்திப் பழகிய வாங்குவோரோ பழைய பெட்டியையே நாடினர். ஆகவே, லினக்ஸ் இயங்கும் பழைய அமைப்பை, பெயரின் ஈற்றில் ஓரெழுத்தைக் கூட்டி, நிறுவனமே அவ்வாண்டில் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்பெட்டி பல ஆண்டுகள் விலைபோயிற்று. கட்டாயத்தின் பேரில் திறந்த கதவு, வணிகருக்கே இலாபத்தின் வாயிலாயிற்று.

நீதிமன்றத்தின் வாயிலிருந்து முதற்சொல் ஜேர்மனியில் வந்தது. ஹரால்ட் வெல்ற்ற என்ற நிரலாளர், லினக்ஸ் கருவின் வலையமைப்புக் காவற் பகுதியாகிய ‘நெற்பில்ற்றர்’ என்பதை எழுதியோருள் ஒருவர். அப்பகுதியைத் தன் றவுட்டரில் வைத்து விற்ற சைற்கொம் நிறுவனம் மூலநிரலைத் தரவில்லை. 2004 ஏப்பிரலில் மியூனிக் நகர நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது; மே 19ஆம் நாள் தீர்ப்பில் அதனை உறுதிசெய்தது. அதன் நியாயம் எளிமையும் கூர்மையும் வாய்ந்தது. நிபந்தனையை மீறியவர் உரிமத்தை இழக்கிறார். உரிமத்தை இழந்தவர் தொடர்ந்து விநியோகிப்பது பதிப்புரிமை மீறலாகும். இவ்வுரிமமே செல்லாதென எதிர்த்தரப்பு வாதிட்டால், அந்நிரலை விற்க அவருக்கு வேறெந்த உரிமையும் இல்லாது போய்விடும். வேலியிட்டவர் உறுதியை மறுத்தால், கேணிக்குள் கால்வைக்கவே அவருக்கு வழி இல்லை.

அமெரிக்காவில் இவ்வினாவுக்கு விடை கிடைத்தது விளையாட்டுப் புகையிரதங்களின் மூலம். பேர்க்கிலியின் பௌதிகப் பேராசிரியர் றொபேட் ஜேக்கப்சனும் நண்பர்களும், பொழுதுபோக்காக ஓட்டும் மாதிரிப் புகையிரதங்களைக் கணினியால் இயக்கும் மென்பொருளை எழுதிப் பொதுவில் வைத்திருந்தனர். கட்சர் என்பவரின் வணிக நிறுவனம் அதன் சில கோப்புகளை எடுத்து, எழுதியோர் பெயரையும் உரிமக் குறிப்பையும் விட்டுவிட்டுத் தன் பண்டத்திற் சேர்த்தது. இது வெறும் ஒப்பந்த மீறலாகலாமேயன்றிப் பதிப்புரிமை மீறலன்று என்று கருதிய கீழ் நீதிமன்றம் தடையுத்தரவை மறுத்தது. ஆனால் 2008 ஓகஸ்ட் 13ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கருத்தை ஏற்கவில்லை. பணம் கைமாறவில்லை என்பதால் பொருளாதார நன்மை இல்லையென்று கொள்ளலாகாது. விலையின்றிப் பகிர்பவரும் தம் நிபந்தனைகளைப் பதிப்புரிமையின் துணைகொண்டு காக்கலாம் என்று அது கூறியது. நம் தொடக்க வினாவுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுமா? வழக்கு 2010இல் இணக்கத்தில் முடிந்தது. கட்சர் தரப்பு 1,00,000 டொலர் செலுத்த உடன்பட்டது.

அதே காலத்தில் ‘பிசிபொக்ஸ்’ என்ற நிரலும் நீதிமன்றப் படியேறியது. பல அலகுகள் மடிந்திருக்கும் பேனாக்கத்தி போல, பல சிறு கருவிகளை ஒன்றாகச் சேர்த்த நிரல் அது. இடம் குறைந்த சாதனங்களுக்கு மிகவும் ஏற்றதாகையால் எண்ணிறந்த பண்டங்களில் அது இடம்பெற்றது. 2007 செப்டெம்பரில் அதன் ஆசிரியர் இருவர், மொன்சூன் மல்ற்றிமீடியா என்ற நிறுவனத்தின் மீது நியூயோர்க்கில் வழக்கிட்டனர். குனூ உரிமத்தை நிலைநாட்ட அமெரிக்காவில் தாக்கலான முதல் வழக்கு அதுவே. அடுத்த மாதமே அது இணக்கத்தில் முடிந்தது. 2009 டிசெம்பரில் 14 நிறுவனங்கள் ஒன்றாக வழக்குக்கு இழுக்கப்பட்டன. அவற்றுள் சம்சுங் போன்ற உற்பத்தியாளர் மட்டுமன்றி, தன் சொந்த வணிகக்குறியோடு கருவிகளை விற்ற பெஸ்ற் பை என்ற கடைத்தொகுதியும் இருந்தது. இவர்களுள் ஒன்றான வெஸ்ற்றிங்ஹவுஸ் டிஜிற்றல் நிறுவனம் வழக்கை எதிர்த்து நிற்காத நிலையில், 2010இல் நீதிமன்றம் 90,000 டொலர் நட்டஈடு விதித்ததோடு, விற்பனையையும் தடுத்தது.

சிஸ்கோவின் கதையும் அந்த முதற் பெட்டியோடு முடிந்துவிடவில்லை. ஒரு பண்டத்தில் குறை தீர்ந்தால் இன்னொன்றில் அது தோன்றியதாகவும், 5 ஆண்டுகள் பேசியும் நிலையான ஒழுங்கு ஏற்படவில்லையென்றும் முறையிட்டு, கட்டற்ற மென்பொருள் நிறுவகம் 2008 டிசெம்பர் 11ஆம் நாள் வழக்குத் தாக்கல் செய்தது. 2009 மே மாதத்தில் இரு தரப்பும் இணங்கின. லிங்சிஸ் பிரிவில் உரிமக் கடமைகளைக் கண்காணிக்க ஓர் அதிகாரியை நியமிக்கவும், முன்னர் வாங்கியோருக்கு அவர்களுடைய உரிமைகளை அறிவிக்கவும், நிறுவகத்துக்கு ஒரு தொகையை வழங்கவும் சிஸ்கோ உடன்பட்டது. பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தும் நிபந்தனையே இவற்றுள் ஊன்றி நோக்கத்தக்கது. ஒரு பண்டத்தைத் திருத்துவது எளிது; ஒரு நிறுவனத்தின் பழக்கத்தைத் திருத்துவதற்கு அதற்கெனவே ஒருவர் வேண்டும்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயமான அச்சம் ஒன்று இருந்தது. இரண்டாம் பதிப்பின்படி, சிறு தவறினாலும் உரிமம் முற்றாக அற்றுப்போம். 2007 யூன் 29ஆம் நாள் வெளியான மூன்றாம் பதிப்பு இதனைத் தணித்தது. முதன்முறை தவறியவர், அறிவித்தல் கிடைத்து 30 நாள்களுள் குறையைத் திருத்தினால் உரிமம் மீளக் கிடைக்கும். ஆனால் அதே பதிப்பு வேறொரு வாயிலை அடைத்தது. ரீவோ என்ற ஒளிப்பதிவுக் கருவியில் மூலநிரல் தரப்பட்டபோதிலும், பாவனையாளர் திருத்திய நிரலை ஏற்க அக்கருவி மறுத்தது. ஏட்டைக் கொடுத்துவிட்டு உலையைப் பூட்டியது போன்றது அது. ஆதலின், வீட்டுப் பாவனைப் பண்டங்களில் திருத்திய நிரலை நிறுவுவதற்கு வேண்டிய தகவலையும் தருதல் வேண்டுமென மூன்றாம் பதிப்பு விதித்தது. லினக்ஸ் கரு மட்டும் இன்றுவரை இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது.

அச்சத்துக்கு இன்னொரு காரணமும் தோன்றியது. நிரலாளருள் ஒருவர், ஜேர்மனியில் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பி, மூலநிரலை விடப் பணத்தையே நாடுகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2016இல் அவருடைய சகபாடிகளே அவரைத் தம் குழுவிலிருந்து விலக்கிவைத்தனர். பொதுநலத்துக்காக எழுதிய உறுதி, தனியொருவரின் வருமானத்துக்கு வழியாகலாமோ? 2015இல் கட்டற்ற மென்பொருள் நிறுவகமும் மென்பொருட் சுதந்திரக் காப்பகமும் வெளியிட்ட கோட்பாடுகள், ஒழுங்கைப் பெறுவதே முதல் நோக்கமென்றும், வழக்கு இறுதி வழியென்றும், இலாபம் நோக்கமாகலாகாதென்றும் கூறின. 2017 ஒக்டோபரில் லினக்ஸ் கருவின் நிரலாளர் பலர், மூன்றாம் பதிப்பின் தவணைச் சலுகையைத் தாமும் வழங்குவதாக அறிவித்தனர். கொடுத்தவர் தாமே தம் கோபத்துக்கு வரம்பு கட்டிக்கொண்டமை இந்த வரலாற்றின் சிறந்த பக்கங்களுள் ஒன்று.

இனி, நிபந்தனையை நிலைநாட்டக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? நிரலை எழுதியவருக்கு மட்டுமா, பெட்டியை வாங்கியவருக்குமா? 2021 ஒக்டோபரில் மென்பொருட் சுதந்திரக் காப்பகம் கலிபோர்னியாவில் விசியோ என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது வழக்கிட்டபோது இவ்வினா முன்வந்தது. அது நிரலாசிரியராக அன்றி, தொலைக்காட்சிப் பெட்டிகளை வாங்கிய பாவனையாளராகவே நீதிமன்றத்தை நாடியது. நட்டஈடு கேளாது, மூலநிரலையே கேட்டது. இது பதிப்புரிமை வழக்கே என்று கூறி விசியோ அதனைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிய போதிலும், 2022இல் அந்நீதிமன்றம் வழக்கை மாநில நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. கேணியை வெட்டியவர் மறைந்த பின்னரும், நீரள்ள வந்தவர் உறுதியைக் காட்டிக் கேட்கலாமா என்பதே இங்குள்ள வினா.

இத்தனை வழக்குகளும் வணிக உலகுக்குக் கற்பித்தது எளிய கணக்கு முறை ஒன்றையே. பண்டகசாலையில் வரவு செலவுப் புத்தகம் வைத்திருப்பது போல, ஒவ்வொரு பண்டத்திலும் எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்த உரிமத்தின் கீழ் அடங்கியிருக்கிறது என்ற பட்டியல் வேண்டும். பிறரிடம் வாங்கும் பாகத்தோடு அதன் மூலநிரலையும் கேட்டுப் பெறவேண்டும். அந்த மூலநிரலிலிருந்து அதே இயந்திர நிரலை மீள உருவாக்க முடிகிறதா என்பதை, பண்டம் சந்தைக்குப் போகுமுன் சோதிக்கவேண்டும். உரிம வாசகங்களையும் எழுதியோர் பெயர்களையும் பண்டத்தோடு சேர்க்கவேண்டும். மூலநிரல் கேட்டு வரும் கடிதத்துக்கு விடையளிக்கப் பொறுப்பான ஒருவர் இருத்தல் வேண்டும். இத்தகைய ஒழுங்குக்கான முறை 2020இலும், நிரற் பட்டியலை எழுதும் முறை 2021இலும் சர்வதேச நியமங்களாக ஏற்கப்பட்டன. இவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. தொடக்கத்திலேயே செய்யாமல் விட்டு, ஈற்றில் செய்ய முற்படும்போதுதான் செலவு பெருகும்.

இவை யாவும் தொலைவான நாட்டுச் செய்திகளென்று நாம் இருந்துவிடல் ஆகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. கொடுப்போர் வரிசையிலும் நம் நாடு இடம்பெற்றுள்ளது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடியபோது, இலங்கையின் கணினித் துறையினர் சில நாள்களிலேயே ஒன்றுகூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் பதிவுசெய்யும் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்பது அச்சொல்லின் பொருள். திறந்த மூல உரிமத்தின் கீழ் வெளியானமையால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதைக் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் சஹானாவுக்கு வழங்கியது. நம்மவர் துயரில் எழுதிய நிரல் பிறர் துயரிலும் துணைநின்றது, அதனைப் பிறர் படிக்கவும் திருத்தவும் முடிந்தமையாலன்றோ?

நேயர்களே, ஒரு நிறுவனம் மூலநிரலை மறைக்கும்போது எவருடைய பணப்பையும் உடனே குறைவதில்லை. ஆதலாலேயே இத்தவறு சிறிதாகத் தோன்றுகிறது. ஆனால் இழப்பு உண்டு. வாங்கியவர் தம் சொந்தப் பொருளைத் திருத்தும் உரிமையை இழக்கிறார். உற்பத்தியாளர் கைவிட்ட பின்னர், நன்றாக இயங்கும் கருவியும் பாதுகாப்புக் குறையோடு குப்பைக்குப் போகிறது. யாவற்றுக்கும் மேலாக, தம் உழைப்பைப் பொதுவில் வைத்தால் அது பொதுவாகவே இருக்கும் என்று நம்பி எழுதியோரின் நம்பிக்கை தளர்கிறது. அந்நம்பிக்கை வற்றினால் கேணியும் வற்றும். பின்பு அதில் நீரள்ளிப் பிழைத்த வணிகருக்கும் நீர் இல்லை.

ஆகவே, அடுத்த முறை ஒரு கருவியை வாங்கும்போது, அதன் பெட்டிக்குள் சிறிய எழுத்தில் அச்சிட்ட தாள் ஒன்று இருந்தால், அதனை வீசிவிடாது ஒருமுறை விரித்துப் பாருங்கள். திறந்த மூல உரிமங்கள் என்ற தலைப்பின் கீழ், நாம் ஒருபோதும் கண்டிராத பலருடைய பெயர்கள் அதில் இருக்கக்கூடும். மூலநிரலை எங்கே கேட்டுப் பெறலாம் என்ற முகவரியும் இருக்கக்கூடும். அந்த முகவரிக்கு எழுதிக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.